ஞாயிறு கிர்க்கி போகிறோம், பெயர் கொடுங்கள்

வணக்கம். வரும் ஞாயிறு காலை 8 மணிக்கு, புனே கிர்க்கியில் முதுகுத்தண்டு அடிபட்ட படைவீரர்கள் தங்கியிருக்கும் மறுவாழ்வு மையத்தில் சக்கர நாற்காலிக் கூடைப்பந்து பார்க்கப் போகிறோம். 1965 போரில் குண்டடிபட்ட முரளிகாந்த் பேட்கர், 1972இல் ஹைடல்பர்க்கில் 50 மீட்டர் நீந்தி இந்தியாவின் முதல் பாராலிம்பிக் தங்கத்தை வாங்கினாரே, அவரும் படைவீரர்தான்.

1. 7.15க்கு கேட்டருகே வண்டி.
2. அசல் அடையாள அட்டை கட்டாயம்.
3. கேட்காமல் போட்டோ எடுக்க வேண்டாம்.
4. யாராவது நாற்காலியோடு கவிழ்ந்தால் தூக்க ஓடாதீர்கள். போன தடவை நான் ஓடினேன், "உட்காருங்க சார், ஆட்டம் போகுது" என்று திட்டு வாங்கினேன். தரையில் கை ஊன்றி அவரே எழுந்துவிட்டார்.
5. ஆட்டம் முடிந்ததும் டீ, அப்போது பேசலாம். அடிபட்ட கதையை நாமாகக் கேட்க வேண்டாம், ஸ்கோரைப் பற்றிக் கேளுங்கள்.

எத்தனை பேர் என்று வெள்ளி இரவுக்குள் இங்கேயே போடுங்கள், கட்டைவிரல் மட்டும் போட்டால் கணக்கில் வராது.