அம்மாவின் கேள்வியும் அலபாமாவின் தோல்வியும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். அமெரிக்கக் கல்லூரிக் கால்பந்து (சாக்கர் அல்ல, பந்தைக் கையில் ஏந்தி ஓடியும் எறிந்தும் ஆடுவது) பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். நாஷ்வில் நகரில் 11 ஆண்டுகளாக இருக்கிறேன். இலையுதிர் காலச் சனிக்கிழமைகளில் இங்கே ஊரே ஏன் சட்டை நிறம் மாற்றிக்கொண்டு அலைகிறது என்று நம்மூர்ச் சொந்தங்களுக்கு விளக்கி விளக்கி அலுத்துப்போனவன் நான். இனி கட்டுரையை அனுப்பிவிட்டால் போதும். அதற்காக நன்றி.

ஆனால் ஒரு விஷயத்தில் கட்டுரையாளரோடு எனக்கு ஒத்துவரவில்லை. 2024 அக்டோபர் 5 அன்று எங்கள் ஊர் வாண்டர்பில்ட் பல்கலைக்கழக அணி, தரவரிசையில் முதலிடத்தில் இருந்த அலபாமாவை 40-35 என்று தோற்கடித்ததை அழகாக வருணித்துவிட்டு, காரணம் என்னவென்று வரும்போது நெஞ்சுரம், நம்பிக்கை என்று முடித்துவிட்டார். தோற்ற அலபாமாப் பையன்களுக்கு நெஞ்சுரம் இல்லையா என்ன? அதற்கு முந்தைய வாரம்தான் ஜார்ஜியாவை 41-34 என்று வென்றுவிட்டு வந்திருந்தார்கள். வாண்டர்பில்ட்டோ மூன்று வாரங்களுக்கு முன்புதான் ஜார்ஜியா ஸ்டேட் என்ற சிறிய அணியிடம் 36-32 என்று தோற்றிருந்தது. 2023இல் 12 போட்டிகளில் 2 வெற்றி. அலபாமாவை அவர்கள் கடைசியாக வென்றது 1984இல். நம்பிக்கை வைக்க அங்கே பெரிதாக ஒன்றும் இல்லை.

அன்று ஊரிலிருந்து வந்திருந்த என் அம்மாவும் என்னோடு உட்கார்ந்து டிவியில் பார்த்தார். இந்த ஆட்டத்தின் விதி ஒன்றும் அவருக்குத் தெரியாது. மூன்றாம் கால் பகுதி ஓடிக்கொண்டிருந்தபோது கேட்டார்: "ஏம்ப்பா, பந்து இவனுங்ககிட்டயே இருக்கே, அந்தப் பசங்களுக்குக் குடுக்கவே மாட்டானுங்களா?"

கட்டுரையில் இல்லாமல் போனது அந்தக் கேள்விதான்.

போட்டி 60 நிமிடம். அதில் வாண்டர்பில்ட்டிடம் பந்து இருந்த நேரம் 42 நிமிடம் 8 விநாடி. அலபாமாவிடம் இருந்தது 17 நிமிடம் 52 விநாடி. பந்து வைத்திருக்கும் அணிக்கு நான்கு முயற்சிகள். அதற்குள் 10 யார்டு முன்னேறினால் மறுபடி நான்கு. ஓடுபவர் எல்லைக்கோட்டுக்குள்ளேயே விழுந்தால் கடிகாரம் நிற்காது. அடுத்த முயற்சியைத் தொடங்க 40 விநாடி அவகாசம் உண்டு. வாண்டர்பில்ட் அந்த 40 விநாடியையும் சாவகாசமாகக் கரைத்துவிட்டு நாலு யார்டு, அஞ்சு யார்டு என்று நகர்ந்துகொண்டே இருந்தது. கபடியில் முன்னிலையில் இருக்கும் அணியின் ரெய்டர் 30 விநாடியும் சும்மா பாடிவிட்டுத் திரும்புவாரே, கிட்டத்தட்ட அதே வேலைதான். வித்தியாசம், இவர்கள் முதல் நிமிடத்திலிருந்தே அதைச் செய்தார்கள், முன்னேறிக்கொண்டே செய்தார்கள். மூன்றாவது முயற்சி 18 முறை வந்தது; 12 முறை தேவையான தூரத்தைக் கடந்தார்கள். அந்தப் பன்னிரண்டுதான் போட்டியே.

இங்கே பலரும் தவறாகப் புரிந்துகொள்ளும் ஓர் இடம் உண்டு. பந்தை அதிக நேரம் வைத்திருந்தால் நமக்கு வாய்ப்பு அதிகம், எதிரிக்குக் குறைவு என்று நினைப்பார்கள். அப்படி இல்லை. ஓர் அணியிடம் பந்து வந்து மறு அணிக்குக் கைமாறும் வரை ஒரு முறை. ஒருவர் முறை முடிந்தால் அடுத்தவர் முறை. பெரும்பாலும் இருவருக்கும் சமமாகத்தான் வரும். நேரத்தை இழுத்தால் குறைவது இருவருடைய முறைகளின் எண்ணிக்கையும்தான். அப்படிக் குறைவது யாருக்கு நல்லது? கேரம் ஆடுபவர்களுக்கு இது சட்டென்று புரியும். உங்களைவிடக் கெட்டிக்காரர் ஒருவரோடு ஆடுகிறீர்கள். ஒரு போர்டில் நீங்கள் ஜெயிக்க நூற்றுக்கு 40 வாய்ப்பு என்று தாராளமாகவே வைத்துக்கொள்வோம். ஒரே போர்டோடு எழுந்துவிட்டால் உங்கள் வாய்ப்பு அதே 40. மூன்றில் இரண்டு ஜெயிக்க வேண்டுமென்றால் 35 ஆகிவிடும். ஏழில் நான்கு என்றால் 29. ஆட்டம் நீள நீளத் திறமை மேலே வந்துகொண்டே இருக்கும். ஆகவே திறமை குறைந்தவன் சீக்கிரம் எழுந்துவிட வேண்டும்.

அன்று ஒவ்வொரு முயற்சிக்கும் சராசரியாக அதிகத் தூரம் முன்னேறியது அலபாமாதான். அவர்கள் மோசமாக ஆடவில்லை. ஆடுவதற்குப் போதுமான முறைகள் கிடைக்கவில்லை. அந்த நிலையில் ஒரே ஒரு தவறுகூட மலையாகிவிடும். தொடக்கத்திலேயே ஓர் அலபாமா வீரரின் கையில் பட்டுத் தெறித்த பந்தை வாண்டர்பில்ட் பிடித்து, 29 யார்டு ஓடிப்போய் எதிரியின் கடைசிக் கோட்டைக் கடந்து டச்டவுன் போட்டுவிட்டது. அதை அதிர்ஷ்டம் என்று சொல்லலாம், மறுக்கவில்லை. ஆனால் எதிரிக்கு ஏராளமான முறைகள் இருந்திருந்தால் அந்த அதிர்ஷ்டம் ஆட்டம் முடிவதற்குள் கரைந்திருக்கும்.

இன்னொன்று: பெரிய உடம்போடு மோதாமல் இருப்பது. வாண்டர்பில்ட்டின் குவார்ட்டர்பேக் (ஒவ்வொரு முயற்சியிலும் பந்தை முதலில் வாங்கி ஆட்டத்தை நடத்துபவர்) டியேகோ பாவியா ஆடியது 'ஆப்ஷன்' பாணி. எதிரணியின் பலமான தடுப்பாளர் ஒருவரை வேண்டுமென்றே யாரும் மறிக்காமல் விட்டுவிடுவார்கள். அவர் ஓடுபவரைத் துரத்தினால் குவார்ட்டர்பேக் பந்தைத் தானே வைத்துக்கொண்டு ஓடுவார். குவார்ட்டர்பேக்கை நோக்கி வந்தால் பந்து ஓடுபவர் கைக்குப் போய்விடும். அந்த மலை மனிதர் எதைச் செய்தாலும் தப்பு. தள்ளி நகர்த்த முடியாத ஆளைத் தள்ளாமலே கழித்துவிடுகிறார்கள். ராணுவ உடல் தகுதி விதிகளுக்கு உட்பட்ட வீரர்களை வைத்துக்கொண்டு நேவி அணி (அமெரிக்கக் கடற்படைக் கல்லூரி அணி) இதே வித்தையின் மூன்று கிளை வடிவத்தைத்தான் பல காலம் நம்பியிருந்தது. 1963க்குப் பிறகு 43 முறை தொடர்ந்து நோட்ர டேம் என்ற பெரிய பல்கலைக்கழக அணியிடம் தோற்ற அணி அது. 2007இல் மூன்று கூடுதல் நேரச் சுற்றுகள் போய் 46-44 என்று அந்தத் தொடரை முறித்தது.

பாவியா எங்கிருந்து வந்தார் என்பதும் முக்கியம். 2023இல் நியூ மெக்சிகோ ஸ்டேட் அணிக்கு ஆடி ஆபர்ன் அணியை அதன் சொந்த மைதானத்திலேயே 31-10 என்று வென்றவர் அவர். வாண்டர்பில்ட் பயிற்சியாளர் கிளார்க் லீ அவரை மட்டும் கூட்டி வரவில்லை. அங்கே தாக்குதல் ஆட்டத்தை வகுத்துக் கொடுத்த டிம் பெக்கையும் சேர்த்தே கொண்டுவந்தார். ஒரு வீரரை வாங்கி வந்து நம் முறைக்குப் பழக்குவது வேறு, அவருக்குப் பழகிய முறையையே பெயர்த்து வருவது வேறு. (கல்லூரிகள் இப்படி ஆள் பிடிப்பது நல்லதா என்று கேட்டால் அதற்குத் தனிக் கடிதம் வேண்டும்.)

2024 நவம்பர் 30 அன்று ஒஹாயோ ஸ்டேட்டும் மிஷிகனும் மோதியது இன்னொரு விதம். பரம்பரைப் பகை. ஏறக்குறைய 20 புள்ளி வித்தியாசத்தில் ஒஹாயோ ஸ்டேட் ஜெயிக்கும் என்று பந்தயக்காரர்கள் கணித்திருந்தார்கள். மிஷிகன் அன்று பந்தை எறிந்து எடுத்த தூரம் மொத்தமே 62 யார்டு. சிரிப்பு வரும் எண். ஆனால் அவர்களிடம் ஒரே ஓர் இடத்தில் பலம் இருந்தது: நடுவில் நிற்கும் இரண்டு தடுப்பாளர்கள். நாட்டிலேயே சிறந்த பந்து பிடிப்பவர்களைக் கையில் வைத்திருந்த ஒஹாயோ ஸ்டேட், அந்த இருவர் நிற்கும் சுவரிலேயே திரும்பத் திரும்பப் போய் முட்டியது. 26 ஓட்டத்தில் 77 யார்டு. மிஷிகன் 13-10 என்று ஜெயித்தது. முந்தைய மூன்று ஆண்டுகளும் மிஷிகனிடம் தோற்றவர்களுக்கு, உடல் பலத்தில் நாங்கள் குறைந்தவர்கள் இல்லை என்று காட்டும் வெறி இருந்ததாகவே எனக்குப் படுகிறது. பலசாலியின் ரோஷத்தைவிட எளியவனுக்கு நல்ல ஆயுதம் கிடையாது.

வேடிக்கை என்னவென்றால், அந்தப் பருவத்தின் சாம்பியனே ஒஹாயோ ஸ்டேட்தான். இறுதிப் போட்டியில் அவர்கள் வென்றது நோட்ர டேமை. அந்த நோட்ர டேம் செப்டம்பரில் தன் சொந்த மைதானத்தில் நார்தர்ன் இல்லினாய் அணியிடம் 16-14 என்று தோற்றிருந்தது. 31 விநாடி மிச்சமிருக்கையில் 35 யார்டு ஃபீல்டு கோல், அதாவது கோல் கம்பங்களுக்கு நடுவே பந்தை உதைத்து எடுத்த புள்ளிகள். வந்து ஆடிவிட்டுப் போவதற்காக நோட்ர டேம் அவர்களுக்குக் கொடுத்த தொகை 14 லட்சம் டாலர். பெரிய அணிகள் பருவத் தொடக்கத்தில் சின்ன அணிகளை இப்படிக் கூலி கொடுத்து அடிப்பது வழக்கம். அன்று கூலியும் போய் அடியும் விழுந்தது.

என் கணக்குக்கு அடங்காத போட்டியும் உண்டு என்பதை ஒப்புக்கொள்கிறேன். 2007 செப்டம்பர் 1 அன்று அப்பலாச்சியன் ஸ்டேட் மிஷிகனை 34-32 என்று வென்றது. ஐந்தாம் இடத்தில் இருந்த அணியை, ஒரு படி கீழே உள்ள பிரிவிலிருந்து வந்த அணி, ஒரு லட்சம் பேருக்கு மேல் கூடியிருந்த அரங்கத்தில் வீழ்த்தியது. அவர்கள் நேரத்தை இழுக்கவில்லை. மைதானத்தின் முழு அகலத்துக்கும் ஆட்களைப் பரப்பி, வேகத்தால் மிஷிகனின் கனமான தடுப்பாளர்களை ஓட ஓட விரட்டினார்கள். இடைவேளையிலேயே 28-17. பிறகு மிஷிகன் எழுந்து வந்து முந்தியும்விட்டது. கடைசியில் மிஷிகனின் ஃபீல்டு கோல் உதையை மறித்துத்தான் தப்பித்தார்கள். ஆட்டம் இன்னும் ஐந்து நிமிடம் நீண்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று எனக்கு ஒரு சந்தேகம்.

இப்படி ஆடுவதற்கு உண்மையிலேயே தைரியம் வேண்டிய இடம் ஒன்றுதான்: நான்காவது முயற்சி. வழக்கமாக அப்போது பந்தைத் தூர உதைத்து எதிரியிடம் கொடுத்துவிடுவார்கள். முறைகளைக் குறைத்து ஆடுபவன் அப்படித் தானம் செய்துகொண்டிருக்க முடியாது. 2007 அக்டோபரில் லாஸ் ஏஞ்சலஸில் 41 புள்ளி வித்தியாசத்தில் தோற்கும் என்று கணிக்கப்பட்டிருந்த ஸ்டான்ஃபோர்ட், முதன்முறையாகத் தொடக்க வீரராக இறங்கிய குவார்ட்டர்பேக்கோடு யூஎஸ்சி (தெற்குக் கலிபோர்னியப் பல்கலைக்கழகம்) அணியை 24-23 என்று வென்றது. அந்தக் கடைசி முன்னேற்றத்தில் நான்காவது முயற்சிக்கு 20 யார்டு தேவைப்பட்டது ஒருமுறை. எடுத்தார்கள். பிறகு டச்டவுன் கோட்டுக்கு 10 யார்டு தள்ளி இன்னொரு நான்காவது முயற்சி. அதில்தான் டச்டவுன், 49 விநாடி பாக்கி. இதை நெஞ்சுரம் என்று கட்டுரையாளர் எழுதியிருந்தால் நானும் கைதட்டியிருப்பேன்.

2025 அக்டோபரில் வாண்டர்பில்ட் மறுபடி அலபாமாவிடம் போனது, இம்முறை அவர்களுடைய சொந்த ஊரான டஸ்கலூசாவில். அலபாமா ஓராண்டாக அதற்காகவே காத்திருந்தது. எதிரியின் கோட்டருகே போய் இரண்டு முறை பந்தைப் பறிகொடுத்தது வாண்டர்பில்ட். 30-14 என்று தோல்வி. முறைகள் குறைவாக இருக்கும்போது ஒரு தவறு மலையாகும் என்றேனே, அந்த மலை இந்தப் பக்கமும் விழும்.

கடைசியாக ஒரு சிறு திருத்தம். ரசிகர்கள் கோல் கம்பத்தைப் பிடுங்கி, பிராட்வே தெரு வழியாகத் தூக்கிப்போய் கம்பர்லேண்ட் ஆற்றில் போட்டது உண்மைதான். மைதானத்துக்குள் கூட்டம் இறங்கியதற்காகப் பல்கலைக்கழகத்துக்கு 1 லட்சம் டாலர் அபராதமும் விழுந்தது. ஆனால் அந்தச் செய்திக்குப் பக்கத்தில் நீங்கள் போட்டிருக்கும் படம், வலை கட்டிய சாக்கர் கோல் கம்பம். ஆற்றில் மிதந்தது மஞ்சள் நிறத்தில், கவட்டை மாதிரி இருக்கும். அடுத்த இதழில் சரியான படத்தைப் போட்டால் அம்மாவுக்குக் காட்ட வசதியாக இருக்கும்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
நாஷ்வில், டென்னசி.