புங்கங்கன்றுக்கு ஜாதகம் கேட்டவன் எழுதுவது

உயிரி எரிபொருள் மரக்கன்றுத் திட்டத்தை நடத்தும் அதிகாரிகளுக்கு,

வணக்கம். போன வாரம் எங்கள் ஊர்ச் சாவடியில் புங்கங்கன்று கொடுத்தீர்கள். பதிவேட்டில் கையெழுத்துப் போடும் முன் ஒன்று கேட்டேன்: "சார், இது எந்த மரத்துக் கன்னு?" வந்திருந்த அலுவலர் சிரித்துவிட்டார். "மரத்துக்கெல்லாம் ஜாதகமா எழுதி வைக்க முடியும்?" என்றார். கூடியிருந்தவர்களும் சிரித்தார்கள். நானும் சிரித்துவிட்டு, கன்றை வாங்காமல் வீட்டுக்கு வந்துவிட்டேன்.

ஆமாம் சார், ஜாதகம்தான் கேட்கிறேன். கிடாரி பிடிக்கச் சந்தைக்குப் போனால் அதன் தாய் எத்தனை லிட்டர் கறந்தது என்று கேட்காமல் நாங்கள் துண்டுக்கடியில் கை நீட்டுவதில்லை. கத்தரிக்காய் விதைக்குக்கூட, நன்றாகக் காய்த்த செடியில் துணி கட்டி வைத்துப் பழுக்க விடுகிறோம். முப்பது நாற்பது வருடம் நிலத்தில் நிற்கப்போகிற மரத்துக்குக் கேட்டால் மட்டும் ஏன் சிரிப்பு வருகிறது?

காட்டாமணக்குக் கொட்டையில் எண்ணெய் எடுத்து டீசலில் கலக்கப்போன கதை உங்களுக்குத் தெரியாததல்ல. 2003-ல் திட்டக் குழு அறிக்கை, 2009-ல் தேசியக் கொள்கை, 2017-க்குள் டீசலில் 20 விழுக்காடு கலப்போம் என்ற இலக்கு. அந்த 2017 வந்தபோது ஒரு விழுக்காடுகூடத் தேறவில்லை. 2018-ல் வந்த புதுக் கொள்கை, 2030-க்குள் 5 விழுக்காடு போதும் என்றது. இருபது ஐந்தாகச் சுருங்கியது உங்களுக்குக் காகிதத்தில் ஒரு திருத்தம். எனக்கு அது ஒன்றரை ஏக்கர் செம்மண்.

2006-ல் நட்டேன். ஆறடிக்கு ஆறடி, ஆயிரத்து ஐந்நூறு கன்றுக்கு மேல். "உயர் விளைச்சல்" என்று துண்டுப் பிரசுரத்தில் போட்டிருந்தது. செடி என்னவோ தளதளவென்றுதான் வளர்ந்தது. விளையும் பயிர் முளையிலே தெரியும் என்று பார்க்க வந்தவர்கள் முதுகில் தட்டினார்கள். நாலாம் வருடம் பார்த்தால் இலை இருக்கிறது, காய் இல்லை. ஒரு பூங்கொத்தில் இருபது முப்பது ஆண் பூவுக்கு ஒரு பெண் பூ என்றால் காய் எங்கிருந்து வரும்? அதிலும் பெண் பூ கூடுதலாக வைக்கிற செடி உண்டு, பேருக்கு வைக்கிற செடியும் உண்டு. எனக்குக் கொடுத்த கன்றுக்கட்டுகளில் எல்லாம் கலந்து கிடந்தன.

அந்த வருடம் என் அம்மா ஒரு வேலை செய்தார். பழைய சேலையைக் கிழித்து, ஒரு வரிசையில் இருந்த ஐம்பது செடிக்கும் துணி கட்டினார். ஒவ்வொரு செடியின் கொட்டையையும் தனித்தனிப் பையில் போட்டோம். காய் ஒன்றாகப் பழுக்காதே, அதனால் இரண்டு மாதத்துக்கு மேல் அதே வரிசையில் திரும்பத் திரும்ப நடந்தோம். கையிலும் சேலையிலும் பட்ட பால் கறை எத்தனை துவைத்தும் போகவில்லை. கடைசியில் பலசரக்குக் கடைத் தராசில் நிறுத்தோம். நாலே செடி கொடுத்த எடை, மற்ற நாற்பத்தாறும் சேர்ந்து கொடுத்ததைவிட அதிகம். பதினோரு செடியின் பை காலி. அந்த நாலில் ஒன்றையும் அம்மா தள்ளிவிட்டார். "அது குப்பைக்குழிக்குப் பக்கத்துல நிக்குது. எருவோட வேலை, செடியோட வேலை இல்ல."

பள்ளிக்கூடம் போகாத அம்மாவுக்குத் தெரிந்த இந்தக் கணக்குதானே சார், உங்கள் பாஷையில் தாய்மரத் தேர்வு? ஒரே வயது, ஒரே மண்ணில் நிற்கிற பக்கத்து மரங்களோடு ஒப்பிட வேண்டும். ஒரு வருடக் காய்ப்பைப் பார்த்து மயங்காமல் சில வருடம் தொடர்ந்து நிறுக்க வேண்டும். எண்ணெய் எவ்வளவு என்று பிழிந்து பார்க்க வேண்டும். அப்புறம் அதன் பிள்ளைகளை நாலு ஊர் மண்ணில் வைத்துப் பார்த்த பிறகுதான் விவசாயிக்குக் கொடுக்க வேண்டும். நீங்கள் கடைசிப் படியிலிருந்து தொடங்கினீர்கள். சோதனை வயல் எங்கள் வயலாகிவிட்டது, வாடகை இல்லாமல்.

அந்தக் காட்டாமணக்கு நம் மண்ணில் பிறந்ததுமில்லை. மெக்சிகோ, நடு அமெரிக்கா பக்கத்திலிருந்து கடல் கடந்து வந்த செடி. இங்கே வேலியில் நிற்பதெல்லாம் ஏறக்குறைய ஒரே வம்சம். தாய்வீட்டிலிருந்து புது ரகங்களைக் கொண்டுவந்து சேர்க்காமல், வேலிக்கொட்டையைப் பொறுக்கி வந்து பெயர் மட்டும் மாற்றினால் விளைச்சல் மாறுமா?

2012-ல் பொக்லைன் வைத்துப் பிடுங்கினேன். ஆடு வாய் வைக்காத தழை, மாட்டுக்குப் போட முடியாத நச்சுப் பிண்ணாக்கு. பிடுங்கிய கூலிக்கு மானியம் உண்டா என்று கேட்டதற்கு, நடுவதற்குத்தான் உண்டு என்றார்கள். நட்ட அன்று படம் எடுக்க இரண்டு ஜீப் வந்தது, பிடுங்கிய அன்று ஒரு சைக்கிள்கூட வரவில்லை. இப்போது அதே ஜீப், அதே பதிவேடு, செடி மட்டும் வேறு. அடுத்து எருக்கிலிருந்து விமான எண்ணெய் எடுக்கலாம் என்பீர்களோ என்னவோ.

மன்னியுங்கள், சொல்ல வந்ததை விட்டு எங்கோ போகிறேன். புங்கம் கெட்ட மரம் என்று நான் சொல்லவில்லை. மண்ணுக்குத் தழைச்சத்து சேர்க்கும், வறட்சி தாங்கும், அதன் எண்ணெயில் விளக்கெரித்தவர்கள் நாங்கள். ஆனால் விதைக்கன்று காய்க்க ஐந்தாறு வருடம் பிடிக்கும். நல்ல மரத்து விதைதான் என்றாலும், தேனீ எந்த மரத்து மகரந்தத்தைக் கொண்டுவந்ததோ, பிள்ளைக்குப் பிள்ளை மாறும். காட்டாமணக்கு நாலு வருடத்தில் குட்டை உடைத்தது. புங்கம் என் பேரன் காலம்வரை இழுக்கும். ஆகவே பணிவாகக் கேட்கிறேன்: விதைக்கன்று வேண்டாம், காய்ப்பு நிரூபித்த மரத்தின் குச்சியில் கட்டிய ஒட்டுக்கன்று கொடுங்கள். அந்தத் தாய்மரம் எங்கே நிற்கிறது, எந்த வருடம் எத்தனை கிலோ காய்த்தது என்று ஒரு சீட்டு எழுதிக் கட்டுங்கள். சீட்டு இல்லாத கன்றுக்கு இனி கையெழுத்து கிடையாது. நான் மட்டுமல்ல, அன்று சிரித்தவர்களில் ஏழு பேரும் இதைச் சொல்லச் சொன்னார்கள்.

எங்கள் கண்மாய்க்கரையில் ஒரு புங்கமரம் நிற்கிறது. பக்கத்து மரமெல்லாம் வெறும் கிளையாக நிற்கிற வருடத்திலும் அது கொத்துக் கொத்தாய்த் தொங்கும். பங்குனியில் காய் முற்றிவிடும், வந்து பாருங்கள். உலுக்கிக் கொடுக்க ஆள் நாங்கள் வருகிறோம், சாக்கும் எங்களுடையது. நீங்கள் தராசு மட்டும் எடுத்து வந்தால் போதும். போன தடவை கேமராதான் வந்தது.

இப்படிக்கு,
சிவகங்கைச் சீமையிலிருந்து ஒரு மானாவாரி விவசாயி