கைக் கணக்கு

மாப்ளே,

பதில் போடாததற்கு நீ திட்டியது நியாயம்தான், வாங்கிக்கொண்டேன். இங்கே எல்லோரும் நலம். வாத்தியார் இன்னும் அதே வாத்தியார். நேராக விஷயத்துக்கு வருகிறேன். உங்கள் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் ஆட்டத்தில் நடந்த தகராறு பற்றிய உன் கடிதம் முக்கால்வாசி சட்டப்புலியை, அதாவது விதியைப் பிடித்துத் தொங்கும் அந்த ஆட்டக்காரனை, திட்டுவதிலேயே போய்விட்டது. நடந்தது என்ன என்பது கடைசி நாலு வரியில்தான் இருக்கிறது.

பாலடின் (சத்தியம் எடுத்த போர்வீரன்) பூஜ்ஜியம் ஹிட் பாயின்ட்டில், அதாவது உயிர்க்கணக்கு தீர்ந்து, விழுந்து கிடக்கிறான். கிளெரிக் (மந்திரம் போடும் பூசாரி) பக்கத்திலேயே நிற்கிறாள், ஒரு கையில் மேஸ் என்ற கதாயுதம், மறு கையில் ஷீல்டு. தொட்டுக் காயம் ஆற்றும் க்யூர் வூண்ட்ஸ் மந்திரத்தைப் போடுகிறேன் என்கிறாள். "எந்தக் கையால?" என்று சட்டப்புலி கேட்கிறான். ஆட்டத்தை நடத்தும் டிஎம் நாற்காலியில் இருந்த நீயும் தலையாட்டிவிட்டாய். சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்கமாட்டான் என்று சும்மாவா சொன்னார்கள்!

வயிற்றெரிச்சல் என்னவென்றால், 2014 விதிப்புத்தகத்தின்படி அவன் சொன்னது சரி. ஸ்பெல்லில் (மந்திரத்தில்) சொமாட்டிக் காம்பொனென்ட், அதாவது கைச்சைகை, இருந்தால் ஒரு கை காலியாக இருக்க வேண்டும். மெட்டீரியலும் (பொருளும்) சேர்ந்திருந்தால், அந்தப் பொருளையோ அதற்குப் பதிலாக நிற்கும் ஃபோக்கஸையோ பிடித்திருக்கும் அதே கையால் சைகையும் காட்டலாம். அவள் ஷீல்டில் ஹோலி சிம்பல் (தெய்வச் சின்னம்) பொறித்திருக்கிறது, அதனால் ஷீல்டு பிடித்த கையே ஃபோக்கஸ் பிடித்த கை. ஆகவே வெர்பல் (வாய்ச்சொல்), சொமாட்டிக், மெட்டீரியல் மூன்றும் கேட்கிற பிளெஸ் என்ற ஆசி மந்திரத்தை அவள் தாராளமாகப் போடலாம். க்யூர் வூண்ட்ஸில் மெட்டீரியல் கிடையாது. ஃபோக்கஸுக்கு அங்கே வேலையே இல்லை, ஷீல்டுக் கை வெறும் ஷீல்டுக் கை ஆகிவிடுகிறது. கூடுதலாகப் பொருள் கேட்கிற ஸ்பெல் எளிது, கேட்காதது கஷ்டம். கேட்பவனுக்குச் சிரிப்பு வரும், ஆனால் எழுதியிருப்பது அப்படித்தான்.

அதற்காக அவளுக்கு வழியே இல்லையா? இருந்தது, அங்கேதான் உன்மேல் எனக்குக் கோபம். ஒரு முறையில் (அவரவர் ஆடும் டர்னில்) ஒரு பொருளை எடுக்கவோ வைக்கவோ செலவில்லை. மேஸை இடுப்பில் செருகிவிட்டு க்யூர் வூண்ட்ஸ் போட்டிருக்கலாம். அடுத்த முறை வரை கையில் ஆயுதம் இல்லை, எதிரி விலகி ஓடினால் ஆப்பர்ச்சூனிட்டி அட்டாக்குக்கு வெறும் முஷ்டிதான். அதுதான் விலை, நியாயமான விலை. ஷீல்டைக் கழற்றுவது இந்தக் கணக்கில் வராது, அதற்கு முழு ஆக்ஷன் (அந்த முறையின் முக்கியச் செயல்) போய்விடும். இதை அவளுக்குச் சொல்ல உனக்கு அரை நிமிஷம் ஆகியிருக்காது.

உடனே சட்டப்புலி அடுத்த தந்திரத்தோடு வருவான், பார். மேஸைக் கீழே போடுவதற்குச் செலவில்லை என்றுதான் பெரும்பாலான மேஜைகளில் ஆடுகிறார்கள். போடு, ஸ்பெல்லை முடி, அந்த ஓர் இலவச அசைவில் திரும்ப எடு. எல்லாம் அவளுடைய முறைக்குள்ளேயே முடிந்துவிடும், எதிரி குறுக்கே புக இடமே கிடையாது. இதை அனுமதித்தால் கைக் கணக்கே வெறும் சடங்காகிவிடும். என்னைக் கேட்டால், அந்த நாடகத்துக்குப் பதிலாக ஒரு வீட்டுவிதி போட்டுவிடு: சிம்பல் பொறித்த ஷீல்டு இருந்தால் தன் முறையில் எந்த கிளெரிக் ஸ்பெல்லுக்கும் அந்தக் கையாலேயே சைகை காட்டலாம்.

தன் முறையில் மட்டும், இதை அடிக்கோடிட்டுக்கொள். வாளும் ஷீல்டுமாக நிற்கும் எல்ட்ரிச் நைட் (மந்திரமும் தெரிந்த போர்வீரன்) "ஷீல்டு" என்ற தற்காப்பு ஸ்பெல் போட ஆசைப்படுவான். அது ரியாக்ஷன், அடுத்தவன் முறையில் வருவது, அப்போது வாளை உறையில் போடும் இலவச அசைவு அவனுக்கு இல்லை. ஏற்கெனவே கையிலிருக்கும் ஷீல்டால் ஏசி (அடி படாமல் காக்கும் எண்) 2 கூடியிருக்கிறது, இதில் இன்னொரு 5 ஏறினால் உன் அரக்கர்கள் யாரை அடிப்பார்கள்? அவனுக்கு அது வேண்டுமென்றால் ஆயுதமும் ஷீல்டும் பிடித்தபடியே சைகை காட்டவிடும் வார் காஸ்டர் ஃபீட் (சிறப்புத் திறன்) எடுக்கட்டும். கிரேட்ஸ்வோர்டு (இரு கைப் பெருவாள்) வைத்திருப்பவனுக்கு இந்தத் தொல்லை இல்லை. அடிக்கும் நேரத்தில்தான் இரண்டு கை வேண்டும், மற்ற நேரம் ஒரு கையை எடுத்துவிடலாம். ஷீல்டைத் துறந்ததற்கு அவனுக்குக் கிடைக்கும் கூலி அது. அதைப் பிடுங்காதே.

பூமிங் பிளேடு (ஆயுத அடியோடு இடியையும் சேர்க்கும் ஸ்பெல்) பற்றிக் கேட்டிருந்தாய். 2020 திருத்தத்துக்குப் பிறகு அதன் மெட்டீரியலே கையில் இருக்கும் ஆயுதம், குறைந்தது 1 வெள்ளிக்காசு மதிப்பு. அதனால் வாள் பிடித்த கையே சைகையும் செய்யும், ஷீல்டு இருந்தாலும் கவலையில்லை. ஷேடோ பிளேடு என்ற ஸ்பெல் உருவாக்கும் வாளுக்கு விலை கிடையாது, எனவே அதோடு சேராது. ஒரே அடிதான்: நீ எடுப்பது ஸ்பெல் போடும் ஆக்ஷன், அட்டாக் ஆக்ஷன் இல்லை, ஆகவே எக்ஸ்ட்ரா அட்டாக் (அட்டாக் ஆக்ஷனோடு கிடைக்கும் கூடுதல் அடி) வராது. பிறகு எதிரி தானாக நகர்ந்தால்தான் இடி. நீ தள்ளிவிட்டு டைஸ் உருட்டக் கூடாது. உன் மேஜைக் குட்டிச்சாத்தானிடம் இதை இரண்டு தரம் சொல்.

எனக்குள்ள உண்மையான பயம் வேறு. உன் மேஜையில் பாதிப் பேர் 2014 புத்தகம், மீதிப் பேர் 2024 என்று எழுதியிருக்கிறாயே, அதுதான். பழையதில் டிவைன் ஸ்மைட் (பாலடினின் தெய்வீகக் கூடுதல் தாக்கு) ஆயுத அடி விழுந்த பிறகு சேர்ப்பது, ஆக்ஷன் செலவே இல்லை. கிரிட்டிகல் (பலத்த அடி) விழுந்ததைப் பார்த்துவிட்டுக்கூட ஸ்லாட்டை (மந்திரச் சேமிப்பை) கொட்டலாம். புதியதில் அது போனஸ் ஆக்ஷன் (முறைக்கு ஒன்றே கிடைக்கும் கூடுதல் செயல்) ஸ்பெல், வாய்விட்டுச் சொல்ல வேண்டியது. சைலன்ஸ் என்ற ஒலியடக்கும் மந்திரத்துக்குள் நின்றால் வாயே திறக்காது, ஒரு முறையில் இரண்டு தரமும் அடிக்க முடியாது. ஸ்பிரிச்சுவல் வெப்பன் (மிதக்கும் மந்திர ஆயுதம்) ஸ்பெல்லுக்கு முன்பு கான்சென்ட்ரேஷன் (கவனத்தை விடாமல் வைத்திருப்பது) தேவையில்லை, இப்போது தேவை. ஒரே சண்டையில் இரண்டு பேர் இரண்டு புத்தகத்தைப் பார்த்து ஆடினால் யாரும் ஏமாற்றாமலே எல்லோரும் ஏமாந்த மாதிரி உட்கார்ந்திருப்பார்கள். ஏதாவது ஒன்றை எடு. எது என்பதில் எனக்குப் பிடிவாதம் இல்லை (பழையதை எடுத்தால் சந்தோஷம்).

கிளெரிக்காக ஆடும் அந்தப் பெண் ஆட்டத்தையே விட்டுவிடலாமா என்று யோசிக்கிறாள் என்றாயே, அதைப் படித்ததும் சிரிப்பெல்லாம் போய்விட்டது. புதிதாக வந்தவள், சரியாக யோசித்துத்தான் ஆக்ஷன் சொன்னாள், நாலு பேர் முன்னால் முடியாது என்று கேட்டுக்கொண்டாள். சட்டப்புலியை அனுப்பாதே, நீயே பேசு. அடுத்த தடவை ஹீலிங் வேர்டு என்ற குணமாக்கும் ஸ்பெல்லைத் தயார் செய்துகொள்ளச் சொல். வாயால் சொன்னால் போதும், கையே வேண்டாம், 60 அடி தூரத்திலிருந்தும் எட்டும், போனஸ் ஆக்ஷன்தான். உயிர் திரும்புவது குறைவு, 2014 கணக்கில் ஒரு டி4 (நாலு முகப் பகடை) உருட்டலும் அதோடு ஸ்பெல்காஸ்டிங் மாடிஃபையரும் (மந்திரத் திறனுக்கான கூட்டல்). ஆனால் விழுந்து கிடப்பவனை எழுப்ப ஒரு பாயின்ட் போதுமே. எழுப்பிவிட்டு மிச்ச ஆக்ஷனில் மேஸால் அடிக்கலாம். சேக்ரட் ஃபிளேம் என்ற தாக்கும் ஸ்பெல் போடவும் விதி இடம் கொடுக்கிறது, ஆனால் அதில் திரும்பவும் சைகை வருகிறது, உன் வீட்டுவிதி அங்கே கைகொடுக்கும்.

பாலடின் டெத் சேவ் (சாகாமல் பிழைக்க உருட்டும் பகடை) மூன்றும் தோற்றுவிட்டானா, இன்னும் பாக்கி இருக்கிறதா? அதை எழுதவே இல்லையே நீ. பாக்கி இருந்தால் அந்த முறையிலிருந்தே திரும்ப ஆடுங்கள். சட்டப்புலி கத்தினால் என் பெயரைச் சொல்.

உன்
மாப்ளே