புகார்: அப்டேட்டுக்குப் பிறகு நான்கு போர்டுகளும் சேர்ந்து பாடவில்லை

பெறுநர்:
வாடிக்கையாளர் சேவைத் தலைமை அதிகாரி அவர்கள்

பொருள்: வைஃபை ஆம்ப்ளிஃபயர் போர்டுகள் நான்கு, புதிய ஃபர்ம்வேருக்குப் (போர்டுக்குள் ஓடும் மென்பொருளுக்குப்) பிறகு ஒன்றோடொன்று இசையாமல் பின்தங்குவது, உங்கள் ஊழியர் நடந்துகொண்ட விதம், பணத்தைத் திருப்பித் தரக் கோருவது.

மதிப்பிற்குரிய ஐயா / அம்மா,

வணக்கம். இதே விஷயமாக உங்களுக்கு நான் எழுதும் ஐந்தாவது கடிதம் இது. முதல் நான்கையும் உங்கள் ஆட்கள் ‘தீர்க்கப்பட்டது’ என்று போட்டு மூடிவிட்டார்கள். ஒன்றும் தீரவில்லை. இதை எழுதிக்கொண்டிருக்கும்போதே ஹாலில் ஒரு பாட்டு ஓடுகிறது, அதே பாட்டு அடுக்களையில் ஒரு சொல் பின்னால் ஓடுகிறது. நடுவில் உட்கார்ந்து கேட்டால் தலை வலிக்கிறது. அணைக்கத்தான் போகிறேன்.

நான் வாங்கியது உங்கள் நீல விளக்குப் போர்டு, நான்கு. வைஃபையில் வரும் பாட்டை வாங்கி ஸ்பீக்கருக்கு அனுப்பும் சர்க்யூட் பலகை அது. பெட்டியின் மேலேயே ‘எல்லா அறையிலும் ஒரே நேரத்தில் ஒரே இசை’ என்று நீங்கள்தான் அச்சடித்திருக்கிறீர்கள். அதை நம்பித்தான் வாங்கினேன். நாங்கள் இருப்பது வாடகை வீடு. சுவரில் ஓர் ஆணிகூட அடிக்கக்கூடாது என்பது வீட்டுக்காரர் போட்ட முதல் நிபந்தனை. சுவருக்குள் ஒயர் இழுக்க வழியே இல்லை. தரையோடு விடலாம் என்றால் என் அம்மா தடுக்கி விழுந்துவிடுவார். அம்மாவுக்கு இரண்டு கண்ணும் மங்கிவிட்டன. பாட்டும் ரேடியோவும்தான் அவருக்குப் பொழுது. அறைக்கு அறை அவர் நடக்கும்போது பாட்டும் கூடவே வர வேண்டும் என்று ஆசைப்பட்டேன். ஒவ்வொரு அறையிலும் ஒரு பெட்டி, ஒவ்வொரு பெட்டிக்குள்ளும் உங்கள் போர்டு ஒன்று, ஒரு 24 வோல்ட் அடாப்டர். செலவுக்கு ஏற்ற வழி இதுதான் என்று பட்டது.

பெட்டிகளை நானே செய்தேன். பழைய அலமாரியின் பலகையை அறுத்து, மூலைகளுக்குப் பசை தடவி, இரவு முழுவதும் கயிற்றால் இறுக்கிக் கட்டி வைத்தேன். பழைய மியூசிக் சிஸ்டங்களிலிருந்து கழற்றிய 8 ஓம் ஸ்பீக்கர்களுக்காக முன்பலகையில் வட்டம் வெட்டினேன். அதிர்வு கீழ்வீட்டுக்குப் போகக்கூடாதே என்று அடியில் ரப்பர் ஒட்டினேன். இரண்டு மாதம் எனக்கு ஞாயிற்றுக்கிழமையே இல்லை.

முதல் மூன்று வாரம் உங்கள் போர்டு நன்றாகத்தான் வேலை செய்தது. அதை மறைக்க மாட்டேன். அம்மா சுவரைத் தடவிக்கொண்டே தன் அறையிலிருந்து ஹாலுக்கு வருவார், அங்கிருந்து அடுக்களைக்குப் போவார், பாட்டு ஓர் இடத்தில்கூட அறுபடாது. யார் செய்த பொருள் என்று கேட்டவர்களிடம் உங்கள் பெயரைத்தான் சொன்னேன்.

அப்புறம் ஒரு நாள் இரவு நான்கு போர்டுகளும் தாமாகவே அப்டேட் ஆகிக்கொண்டன. என்னை யாரும் கேட்கவில்லை. மறுநாள் காலை அம்மா அடுக்களை வாசலில் நிலைப்படியைப் பிடித்துக்கொண்டு அசையாமல் நிற்கிறார். ஒரு காதை இந்தப் பக்கம் திருப்புகிறார், பிறகு மறு காதை அந்தப் பக்கம் திருப்புகிறார். ‘ஏம்மா, ரெண்டு பேர் பாடறாங்களா?’ என்று கேட்டார். அன்று அந்த வாசலிலேயே நின்றுவிட்டார். சத்தத்தை வைத்துத்தான் அவர் வீட்டுக்குள் திசை கண்டுபிடிக்கிறார். இரண்டு பக்கமிருந்தும் ஒரே குரல் முன்னும் பின்னுமாக வந்தால் எந்தப் பக்கம் போவது என்று அவருக்கு எப்படித் தெரியும்? இதை உங்கள் ஊழியரிடம் சொன்னபோதுதான் அவர் சிரித்தார்.

அந்த ஊழியரைப் பற்றிச் சொல்லாமல் என்னால் மேலே போக முடியாது. நாற்பது நிமிடம் காத்திருந்த பிறகு கிடைத்தவர். நான் பாதிகூடச் சொல்லி முடிக்கவில்லை. ‘வாடகை வீட்டுல இருந்துகிட்டு எதுக்கு மேடம் இந்த வேலை? ஒரு ப்ளூடூத் ஸ்பீக்கர் வாங்கி வெச்சுக்க வேண்டியதுதானே?’ என்றார். வாடகை வீட்டில் இருந்தால் பாட்டுக் கேட்கக்கூடாதா? சொந்த வீடு இருக்கிறதா என்று கேட்டுவிட்டா எனக்குப் பொருளை விற்றீர்கள்? பிறகு பக்கத்தில் இருந்தவரிடம் ஏதோ சொல்லிச் சிரித்தது எனக்கு நன்றாகக் கேட்டது. ‘உங்கள் அழைப்பு பதிவு செய்யப்படுகிறது’ என்று ஒவ்வொரு முறையும் சொல்கிறீர்களே, அந்தப் பதிவை எடுத்துக் கேளுங்கள்.

அவர் கொடுத்த யோசனையையும் கேளுங்கள். நான்கு ஸ்பீக்கரையும் ஒயர் இழுத்து ஒரே போர்டில் மாட்டிவிடச் சொன்னார். 8 ஓம் ஸ்பீக்கர் நான்கை ஒரே முனையில் இணையாகச் சேர்த்தால் 2 ஓம்தான் மிஞ்சும். ஓம் குறையக் குறைய போர்டுக்குச் சுமை ஏறும். 4 ஓமுக்குக் கீழே போகக்கூடாது என்று உங்கள் கையேட்டிலேயே தடித்த எழுத்தில் போட்டிருக்கிறீர்கள். ஒயர் போதவில்லையென்றால் கறுப்பு ஒயர்களையெல்லாம் சேர்த்து ஒன்றாக்கிவிடலாம் என்றும் சொன்னார். இந்த வகை ஆம்ப்ளிஃபயரில் கறுப்பு முனை வெறும் கிரவுண்டு (சிக்னல் இல்லாத பொது முனை) கிடையாது, அதிலும் சிக்னல் ஓடுகிறது. அவர் சொன்னபடி செய்திருந்தால் போர்டே எரிந்துபோயிருக்கலாம். அப்போது ‘நீங்களே கெடுத்துவிட்டீர்கள், வாரண்டி இல்லை’ என்றிருப்பீர்கள். சொந்தப் பொருளைத் தெரியாதவரை எதற்கு போனில் உட்கார வைக்கிறீர்கள்?

சரி, கோபத்தை விட்டுவிட்டு விஷயத்துக்கு வருகிறேன்.

நான் அளந்து பார்த்தேன். வினாடிக்கு ஒரு முறை ‘டக்’ என்று அடிக்கும் தாள ஒலியை ஓடவிட்டு, ஹாலுக்கும் அடுக்களைக்கும் நடுவில் போனை வைத்துப் பதிவு செய்தேன். போர்டை அணைத்துப் போட்டதும் இரண்டு ‘டக்’குக்கும் இடைவெளி 4 மில்லி செகண்ட். ஒரு மணி நேரம் கழித்து 160. ஒலி வினாடிக்கு ஏறக்குறைய 340 மீட்டர் போகும் என்று கணக்குப் போட்டால், ஐந்து மீட்டரில் இருக்கிற அடுக்களையின் பாட்டு ஐம்பது மீட்டருக்கு அப்பாலிருந்து வருவதுபோல் கேட்கிறது. மறுபடி அணைத்துப் போட்டால் முதலில் சேர்ந்துகொள்ளும், பிறகு அதே வேகத்தில் விலகும். மூன்று இரவு அளந்தேன், மூன்று இரவும் இதேதான்.

இதற்குக் காரணம் என்னைவிட உங்களுக்குத் தெரியும். ஒவ்வொரு போர்டிலும் தனித்தனிப் படிகக் கடிகாரம் இருக்கிறது. பாட்டு மிகச் சின்னச் சின்ன ஒலித் துண்டுகளாக, அதாவது மாதிரிகளாக, வருகிறது. ஒரு போர்டு வினாடிக்கு 44,100 மாதிரிகளை இசைக்கும்போது இன்னொன்று இரண்டு மாதிரி குறைவாக இசைத்தால் போதும், ஒரு மணி நேரத்தில் இந்த அளவு இடைவெளி வந்துவிடும். எல்லாப் படிகத்திலும் இப்படிச் சின்ன வித்தியாசம் இருக்கத்தான் செய்யும். அதைத் தொடர்ந்து கவனித்துச் சரிக்கட்டுவதுதான் ஃபர்ம்வேரின் வேலை. பழைய ஃபர்ம்வேர் அதைச் செய்தது. புதியது ஆரம்பத்தில் ஒரு முறை சேர்த்துவிட்டு அப்படியே விட்டுவிடுகிறது என்றுதான் என் அளவுகள் காட்டுகின்றன.

ஆனால் நீங்கள் என்ன செய்தீர்கள்? நான்கு முறையும் ‘ரவுட்டரை மாற்றுங்கள்’ என்றே பதில் அனுப்பினீர்கள். பக்கத்து வீட்டாரிடம் ரவுட்டர் இரவல் வாங்கிப் பார்த்தேன். 2.4 கிகாஹெர்ட்ஸில் சேனல் 1, 6, 11 மூன்றிலும் வைத்துப் பார்த்தேன். வைஃபை பழுது என்றால் பாட்டு திக்கும், நடுவில் நின்றுபோகும். இப்படி அளந்து வைத்ததுபோல் பின்வாங்காது. இன்னொன்றும் செய்தேன். தோழியிடமிருந்து ராஸ்பெர்ரி பை என்ற குட்டிக் கணினி இரண்டு வாங்கி வந்து, பல அறைகளில் ஒரே பாட்டைச் சேர்ந்து ஓடவிடும், இலவசமாகக் கிடைக்கும் ஸ்னாப்காஸ்ட் மென்பொருளைப் போட்டு, அதே ரவுட்டரில், அதே இரண்டு பெட்டிகளில், இரவு முழுவதும் ஓடவிட்டேன். காலையில் பார்த்தால் இடைவெளி தொடங்கியபோது இருந்த அளவிலேயே இருந்தது, கூடவில்லை. அந்த மென்பொருள் பின்தங்கும் இடத்தில் ஒரு மாதிரியை விட்டுவிட்டும், முந்தும் இடத்தில் ஒன்றைத் திரும்ப இசைத்தும் சமாளிக்கிறது. காசு வாங்காமல் எழுதியவர்களால் முடிவது உங்களால் முடியாதா?

சர்வீஸ் சென்டருக்குப் போனதை இன்னும் எழுதவில்லை. ‘நான்கையும் நேரில் கொண்டுவாருங்கள்’ என்று உங்கள் ஆள்தான் சொன்னார். வேலைக்கு விடுப்புப் போட்டேன். அம்மாவைப் பார்த்துக்கொள்ளப் பக்கத்து வீட்டில் கெஞ்சினேன். பெட்டிகளின் பின்பலகையைக் கழற்றி, போர்டுகளை ஒவ்வொன்றாகத் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு, இரண்டு பேருந்து மாறிப் போனேன். மூன்று மணி நேரம் உட்கார வைத்தார்கள். கடைசியில் கவுண்டரில் இருந்தவர் துணியைப் பிரிக்கக்கூட இல்லை. ‘இது பார்ட்ஸ்மா, முழுப் பொருள் இல்லை. பார்ட்ஸ் இங்க பாக்க மாட்டோம்’ என்றார். பிறகு ஏன் வரச் சொன்னீர்கள் என்று கேட்டதற்கு, ‘போன்ல சொன்னவங்களைத்தான் கேக்கணும்’ என்றார். திரும்பி வரும் வழியில் ஒரு போர்டின் ஆன்டெனா ஒயர் கழன்றுவிட்டது. அந்த வலிமை எனக்கு இனி இல்லை. இன்னொரு முறை வரச் சொல்லாதீர்கள், வர மாட்டேன்.

ஒரு வருடம் சேர்த்த பணம் முழுவதும் இதில் போயிற்று. விடுப்பு எடுத்து எடுத்து அலுவலகத்தில் என் பெயரே கெட்டுவிட்டது. அம்மா இப்போது பாட்டே வேண்டாம் என்கிறார். தன் அறையை விட்டு வெளியே வருவதைக் குறைத்துக்கொண்டார். எங்கள் வீட்டின் நிம்மதியே போய்விட்டது. இதற்கு நீங்கள்தான் பொறுப்பு.

நான் சண்டைக்காரி இல்லை. உங்கள் போர்டு நன்றாக இருந்த மூன்று வாரத்தை நினைத்துத்தான் இன்னும் பொறுமையாக எழுதுகிறேன். தயவுசெய்து பழைய ஃபர்ம்வேரைத் திரும்பப் போட்டுக்கொள்ள ஒரு வழி கொடுங்கள். அதுவே எனக்குப் போதும், பணம்கூட வேண்டாம். இனிமேல் என்னைக் கேட்காமல் அப்டேட் ஆகாமல் இருக்க ஒரு வசதியும் வேண்டும். பழையதைத் தர முடியாது என்றால் நான்கு போர்டுகளையும், அடாப்டர்களையும் திரும்ப எடுத்துக்கொண்டு முழுப் பணத்தையும் கொடுங்கள். எடுத்துப்போக உங்கள் ஆள்தான் வர வேண்டும். அந்த ஊழியர் என் அம்மாவைப் பற்றிச் சிரித்ததற்கு எழுத்தில் மன்னிப்பு வேண்டும்.

இந்தக் கடிதம் கிடைத்த 15 நாட்களுக்குள், ஃபர்ம்வேர் எழுதுகிற பிரிவில் ஒருவர் என் பதிவுகளைக் கேட்டுவிட்டு எனக்குப் பதில் எழுத வேண்டும். மறுபடி ‘ரவுட்டரை மாற்றுங்கள்’ என்று வந்தால் நான் நேரே நுகர்வோர் நீதிமன்றத்துக்குப் போவேன். பில், பெட்டியின் புகைப்படம், மூடப்பட்ட நான்கு புகார்களின் எண்கள், மூன்று இரவு அளவுகள் எல்லாம் ஒரே உறையில் தயாராக இருக்கின்றன. அந்த நிலைக்கு என்னைத் தள்ள வேண்டாம் என்று பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
நான்கு போர்டுகளை வாங்கிய வாடிக்கையாளர்

இணைப்பு: பில் நகல், ஒலிப்பதிவுகள் ஆறு, கையேட்டின் 4 ஓம் எச்சரிக்கைப் பக்கம்.

பி.கு.: பதிவுகளைக் கேட்கும்போது ஹெட்போன் போட்டுக் கேளுங்கள். மூன்றாவது பதிவின் கடைசியில் அம்மா என்னைக் கூப்பிடுவது கேட்கும். அதை வெட்டாமல் அப்படியே அனுப்பியிருக்கிறேன்.