அண்ணா கேட்ட வண்டி விவரம்

அன்புள்ள அண்ணா,

உங்கள் கடிதம் கிடைத்தது. நாங்கள் நால்வரும் நலம். பெரியவளுக்கு இருமல் நின்றுவிட்டது, இதை முதலில் அம்மாவிடம் சொல்லிவிடுங்கள். சின்னவன் நன்றாக உயர்ந்துவிட்டான். போன குளிருக்கு வாங்கிய கோட்டின் கை இப்போது மணிக்கட்டுக்கு எட்டுவதில்லை. உள்ளே தடித்த ஸ்வெட்டர் போட்டால் இந்தக் குளிரையும் அதிலேயே ஓட்டிவிடலாம்.

நீங்களும் எங்களைப் போலவே ஹைபிரிட் கார், அதாவது பெட்ரோல் இஞ்சினும் மின்மோட்டாரும் சேர்ந்து ஓட்டும் வண்டி, வாங்க நினைக்கிறீர்கள். எங்கள் வண்டி எப்படி என்று போனில் கேட்டால் "நல்லா ஓடுதுண்ணா" என்று முடித்துவிடுகிறேன், உட்கார்ந்து விவரமாக எழுது என்று எழுதியிருந்தீர்கள். அண்ணியும் ஓரத்தில் பொடி எழுத்தில் பேட்டரியைப் பற்றிக் கேட்டிருந்தார்கள். இன்று என் மனைவிக்கு நைட் ஷிப்ட். பிள்ளைகள் தூங்கிவிட்டார்கள். எல்லாவற்றையும் எழுதிவிடுகிறேன்.

மாமா சார்ஜ் எங்கே போடுவது என்றே திரும்பத் திரும்பக் கேட்கிறாராமே. எங்கள் வண்டியில் வயரும் இல்லை, சொருகும் இடமும் இல்லை என்று சொல்லுங்கள். பெட்ரோல் மட்டும்தான் ஊற்றுகிறோம். வயர் சொருகிச் சார்ஜ் ஏற்றும் ஹைபிரிட் வேறு ரகம், அதில் பேட்டரி பெரிது, விலையும் கூட. எங்களுடையதில் மெதுவாகக் கிளம்பும்போது மின்மோட்டார் மட்டும் இழுக்கும். வேகம் கூடினால் இஞ்சின் தானாக வந்து சேர்ந்துகொள்ளும். ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்தாலோ பிரேக்கைத் தொட்டாலோ அதே மோட்டார் ஜெனரேட்டராகி, ஓடுகிற வேகத்தைக் கரண்டாக்கிப் பேட்டரியில் சேர்த்துவிடும். மற்ற வண்டிகளில் பிரேக் போடும்போதெல்லாம் அத்தனையும் சூடாகிக் காற்றில் போகிறது. இதில் ஒரு பங்காவது திரும்பி வருகிறது.

அதனால்தான் நின்று நின்று போகும் நெரிசலில் இந்த வண்டி லாபம். நெடுஞ்சாலையில் ஒரே வேகத்தில் போகும்போது பிரேக்குக்கு வேலை இல்லை, திரும்பி வரவும் ஒன்றும் இல்லை. அங்கே சாதாரண வண்டிக்கும் இதற்கும் பெரிய வித்தியாசம் தெரியாது. உங்கள் ஓட்டம் ஆபீஸ், பள்ளிக்கூடம், அப்பாவோடு ஆஸ்பத்திரி. எல்லாமே நெரிசல்தான். உங்களுக்கு இது பொருந்தும் என்று அடித்துச் சொல்வேன். வாரம் முழுக்க வெளியூர் போகிறவராக இருந்தால் வேண்டாம் என்றுதான் சொல்லியிருப்பேன்.

அப்பா கையை நீட்டிக் கியரைத் தேடுவார். கிளட்ச்சும் கிடையாது என்று அவரிடம் மெதுவாகச் சொல்லுங்கள். எங்கள் வண்டியில் இஞ்சினையும் மோட்டாரையும் சேர்த்துவைப்பது ஒரு பல்சக்கரத் தொகுதி. நடுவில் ஒரு சக்கரம், அதைச் சுற்றிச் சின்னதாகச் சில, வெளியே வளையமாக ஒன்று. அவருக்காகவே தனித்தாளில் படம் போட்டு வைத்திருக்கிறேன். "புதுசா வந்ததை நம்பாதே" என்பார். டொயோட்டா 1997 டிசம்பரில் ஜப்பானில் பிரியஸை விற்க ஆரம்பித்தபோதே இந்த ஏற்பாடுதான் என்று சொல்லுங்கள். அவர் டீசல் வண்டியை ஓட்டிக்கொண்டிருந்த காலத்திலேயே வந்துவிட்ட சங்கதி. இன்னொன்றையும் முன்னாலேயே சொல்லி வையுங்கள். ஏற்றத்தில் அழுத்தி மிதித்தால் இஞ்சின் ஒரே சுதியில் கத்தும், அதற்குப் பிறகுதான் வண்டி மெல்ல வேகம் எடுக்கும். கேட்டதும் கிளட்ச் வழுக்குகிறது, நிறுத்து என்று சொல்லிவிடுவார். அது கோளாறு இல்லை, இந்த வகை வண்டியின் சுபாவமே அப்படி.

எதிர்வீட்டுப் பெரியவரை அம்மா விசாரித்திருந்தாள். அப்படியேதான் இருக்கிறார். விடிவதற்கு முன்னால் எழுந்து, வாசல் தெர்மாமீட்டரைப் பார்த்து, டிகிரியைப் பெரிய எழுத்தில் அட்டையில் எழுதி ஜன்னலில் வைத்துவிடுகிறார். தெருவில் எல்லோரும் அதைப் பார்த்துத்தான் பிள்ளைகளுக்கு உடுப்பு போடுகிறோம். நான் வண்டியை எடுக்கும்போது இறங்கி வந்து பானெட்டில் கையை வைத்துக்கொண்டு நிற்பார். இஞ்சின் ஓடுகிறதா என்று அவருக்குக் கையால் தெரியவேண்டும்.

மைனஸ் இருபது என்று அட்டை சொல்லும் நாட்களில் அவர் சந்தேகப்படவே வேண்டாம். பொத்தானை அழுத்திய கொஞ்ச நேரத்தில் இஞ்சின் வந்துவிடும், உடனே அணையாது. ஹீட்டருக்கான சூடு இஞ்சினைச் சுற்றி ஓடும் தண்ணீரிலிருந்துதான் வரவேண்டும். புகைக்குழாயில் புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிஸ்ட்டும் சூடேறினால்தான் வேலை செய்யும். பேட்டரியும் குளிரில் கரண்டை வாங்கவும் கொடுக்கவும் தயங்குகிறது. டயரில் காற்று தானாகவே இறங்கிவிடுகிறது. பனிக்கால டயர் வேறு ரோட்டைப் பிடித்து இழுக்கிறது. கோடையில் டேஷ்போர்டில் பார்க்கிற மைலேஜை இங்கே மார்கழி, தை மாதங்களில் பார்க்க முடியாது. பள்ளிக்கூடம்வரை போய்த் திரும்பும் சின்ன ஓட்டமென்றால் இஞ்சின் சூடேறும் முன்னே வீடு வந்துவிடுகிறது.

உங்களுக்குக் குளிர் இல்லை, வெயில்தான். எங்கள் வண்டியில் ஏசி கம்ப்ரஸர் கரண்டில் ஓடுகிறது. சிக்னலில் இஞ்சின் அணைந்தாலும் குளிர்காற்று வந்துகொண்டே இருக்கும். நீங்கள் பார்க்கும் வண்டியிலும் அப்படித்தானா என்று கேளுங்கள். ஆனால் வெயில் பேட்டரிக்கு ஆகாது. பேட்டரியைக் குளிர்விக்க வண்டிக்குள்ளிருந்தே காற்றை இழுக்கும் ஜன்னல் மாதிரியான திறப்பு ஒன்று பல வண்டிகளில் இருக்கும். எங்களுடையதில் பின் சீட்டுப் பக்கம். சின்னவன் கழற்றும் ஜாக்கெட்டை அதன்மேல்தான் எறிவான், நான் எடுத்து எடுத்து வைப்பேன். அது அடைபடவே கூடாது. அங்கே ஃபில்டர் இருந்தால் உங்கள் ஊர்த் தூசிக்கு அடிக்கடி கழற்றிச் சுத்தம் செய்யவேண்டியிருக்கும்.

அண்ணி கேட்ட பேட்டரி விஷயம். பெரிய பேட்டரிக்கு 8 ஆண்டு அல்லது 1,60,000 கிலோமீட்டர், இரண்டில் எது முந்துகிறதோ அதுவரை வாரண்டி தரும் கம்பெனிகள் உண்டு. கையெழுத்துப் போடும் முன் அதைத் தாளில் பார்த்துவிடுங்கள், விற்பவரின் வாய்வார்த்தை போதாது. நாங்கள் வாங்கியது பழைய வண்டி என்பதால் பேட்டரியைச் சோதித்த ரிப்போர்ட்டையும் சர்வீஸ் சீட்டுகளையும் வாங்கிப் பார்த்த பிறகுதான் பேச்சையே எடுத்தேன்.

உண்மையில் காலை வாரிவிடுவது பெரிய பேட்டரி இல்லை அண்ணா, சின்னதுதான். எல்லா வண்டியிலும் இருக்கிற அந்தப் பன்னிரண்டு வோல்ட் பேட்டரி இதிலும் உண்டு. போன மாதம் வீட்டில் எல்லோரும் காய்ச்சலில் படுத்திருந்தோம், வண்டி பனிக்குள்ளேயே நின்றது. பிறகு போய்ப் பார்த்தால் கதவே திறக்கவில்லை. ரிமோட்டுக்குள் ஒளித்திருக்கும் சாவியை எடுத்துத் திறந்து உட்கார்ந்தால், வண்டி ஓடத் தயார் என்று காட்டும் 'ரெடி' விளக்கும் வரவில்லை. பெரிய பேட்டரியில் கரண்ட் இருந்தும் பயனில்லை. சின்னது உயிரோடு இருந்தால்தான் கம்ப்யூட்டர் விழித்துப் பெரியதை இணைக்கும். நான் யாரையும் கூப்பிடவில்லை. பெரியவர் ஜன்னலிலிருந்து பார்த்துவிட்டு, வீட்டுச் செருப்போடு பனியில் இறங்கி, இன்னொரு வண்டியின் பேட்டரியோடு இணைக்கும் ஜம்பர் வயரைத் தோளில் போட்டுக்கொண்டு வந்துவிட்டார். கையேட்டில் காட்டியிருந்த முனையில் மாட்டினோம், வண்டி உடனே எழுந்துவிட்டது. அவர் கை விரலெல்லாம் சிவந்துபோயிருந்தது. உள்ளே வாருங்கள் என்று எவ்வளவு சொல்லியும் வரவில்லை.

பானெட்டுக்குள் ஆரஞ்சு நிறத்தில் தடிமனான வயர்கள் தெரியும். அதில் ஓடுவது 200 வோல்ட்டுக்கு மேல். தெருமுனை மெக்கானிக் தம்பி எவ்வளவு கெட்டிக்காரனாக இருந்தாலும் அதில் கை வைக்க விடாதீர்கள். பயிற்சி பெற்றவர் மட்டும்தான் தொடவேண்டும்.

பிரேக் பேட் தேய்மானம் மிகக் குறைவு. பாதி வேலையை மோட்டார் செய்துவிடுவதால் அப்படி. ஆனால் அதிகம் உபயோகிக்காத பிரேக் துருப்பிடிக்கிறது, பேடை அழுத்திப் பிடிக்கும் காலிப்பரின் பின்கள் இறுகிவிடுகின்றன. இங்கே பனிக்காக ரோட்டில் உப்பு கொட்டுகிறார்கள், அதனால் இன்னும் மோசம். வருஷத்துக்கு ஒருமுறை கழற்றித் துடைத்து கிரீஸ் போடச் சொல்கிறேன். நீங்கள் மழைக்காலம் முடிந்ததும் செய்துவிடுங்கள்.

வீட்டில் சின்னப் பிள்ளைகள் இருப்பதால் இதையும் எழுதுகிறேன். மெதுவாகப் போகும்போது இந்த வண்டி வருவதே காதில் விழாது. ஐரோப்பாவில் இதற்காகவே 2019 ஜூலையிலிருந்து புதிதாக வரும் ஹைபிரிட், மின்சார வண்டி மாடல்கள் 20 கிலோமீட்டர் வேகம்வரையும் ரிவர்ஸிலும் ஓர் ஒலி எழுப்பவேண்டும் என்று சட்டம். அந்த ஒலி இருந்தாலும் வாசலில் ரிவர்ஸ் எடுக்கும்போது ஒருவர் இறங்கி நின்று பிள்ளைகளைப் பிடித்துக்கொள்ளுங்கள். இறங்கும்போது 'ரெடி' விளக்கு அணைந்திருக்கிறதா என்று பார்க்கவும் அண்ணியிடம் சொல்லுங்கள். சத்தம் இல்லையென்றால் வண்டி ஆஃப் என்று இதில் எடுத்துக்கொள்ள முடியாது.

எனக்கு வேலை நன்றாகவே போகிறது. சனி, ஞாயிறு மாலைகளில் வீடுவீடாகப் பார்சல் கொண்டுபோய்க் கொடுக்கிறேன், வண்டி சும்மா நிற்பதற்கு ஓடட்டுமே என்று. இரவில் திரும்பி வரும்போது சிக்னலில் இஞ்சின் அணைந்துவிடும். பனி விழும் இரவில் வெளியிலும் சத்தம் இருக்காது. அந்த நேரம்தான் எனக்குக் கஷ்டம். அப்பா வண்டி தெருமுனையில் திரும்பும்போதே நாம் புத்தகத்தை அப்படியே போட்டுவிட்டு வாசலுக்கு ஓடுவோமே. ஒருநாள் பக்கத்தில் ஒரு பழைய டீசல் லாரி வந்து நின்றது, அதே சத்தம். பச்சை விழுந்தும் எனக்குக் கால் எழவில்லை. பின்னால் ஹாரன் அடித்த பிறகுதான் எடுத்தேன்.

முட்டி வலியோடு அவர் ஏறவேண்டுமே என்றுதான் படி தாழ்ந்த வண்டியாகத் தேடி இதை எடுத்தேன். நடு வரிசையில் ஜன்னலோர சீட் பின்னால் நன்றாகச் சாயும். இன்னும் அவர் அதில் உட்காரவில்லை. அம்மாவும் உட்காரவில்லை. பெரியவள் அதைத் தாத்தா சீட் என்றுதான் சொல்கிறாள், தம்பியை அதில் உட்கார விடமாட்டாள். டிக்கெட் இந்த வருஷம் முடியவில்லை அண்ணா. அடுத்த வருஷம் கட்டாயம் பார்க்கிறேன்.

இனி வீட்டு விஷயம். அப்பாவின் வண்டியை விற்று, அந்தப் பணத்தை முன்பணமாகக் கட்டலாம் என்று எழுதியிருக்கிறீர்கள். விற்கலாம், எனக்கு ஆட்சேபணை இல்லை. ஆனால் அவரிடம் கேட்காமல் யாரையும் வீட்டுக்குக் கூட்டிவந்து காட்டாதீர்கள். நாற்பது வருஷம் அந்த ஸ்டியரிங்கைப் பிடித்துத்தான் நம்மைப் படிக்கவைத்தார். கண் ஆபரேஷன் முடிந்து கட்டு அவிழ்த்த பிறகு, நீங்களும் அவரும் தனியாக இருக்கும்போது பேசுங்கள். வாங்குகிறவரை அவரே பார்த்துப் பேசட்டும், சாவியை அவர் கையாலேயே கொடுக்கட்டும். ஆபரேஷனுக்கு முன்னால் இந்தப் பேச்சே வேண்டாம். கண் போனதால் வண்டியும் போகிறது என்று நினைத்துவிடுவார்.

ஆபரேஷனுக்கு என் பங்கைத் தயார் செய்துவிட்டேன், தேதி தெரிந்ததும் அனுப்புகிறேன். மாதாமாதம் அனுப்புவது மட்டும் இந்த முறை பத்துப் பதினைந்து நாள் தள்ளிப்போகும், டயர் மாற்றவேண்டியிருந்தது. அம்மாவிடம் காரணம் சொல்லவேண்டாம். குறைகிற பணத்துக்கு அம்மாவிடம் வாய் திறக்காதீர்கள், தன்னிடம் இருப்பதை எடுத்துக் கொடுத்துவிடுவாள். தங்கையின் படிப்புக்கு ஒதுக்கியதையும் தொடவேண்டாம். கடைசி வருஷக் கட்டணத்தை நான் கட்டுவதாகச் சொன்னது அப்படியேதான் இருக்கிறது.

வண்டியை முடிவு செய்யும் முன் அப்பாவை அதில் ஏறி இறங்கச் சொல்லிப் பாருங்கள். முன் சீட்டிலும் பின் சீட்டிலும். அவருக்கு ஏறக் கஷ்டமாக இருந்தால் எவ்வளவு மைலேஜ் கொடுத்தாலும் வேறு வண்டி பாருங்கள். டாக்டர் இரண்டு கண்ணையும் எப்போது செய்வதாகச் சொல்கிறார், சர்க்கரை எவ்வளவு இருக்கிறது என்று உடனே எழுதுங்கள். ரிப்போர்ட்டைப் போட்டோ எடுத்து அனுப்பினாலும் சரி. அண்ணிக்கும் பிள்ளைகளுக்கும் என் அன்பு.

உங்கள் தம்பி