கல்லைக் கொதிக்க வைக்காதீர்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

வீட்டில் சிறிய பவளத் தொட்டி வைப்பது பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையை ஆசையோடு படித்தேன். ஏழு ஆண்டுகளாக 75 லிட்டர் தொட்டி ஒன்றோடு மல்லுக்கட்டிக்கொண்டிருக்கிறேன். உப்பு நீரின் அடர்த்தி 1.025 இருக்க வேண்டும், தண்ணீர் 25, 26 டிகிரியில் நிற்க வேண்டும், அம்மோனியா அடங்கும்வரை மீன் விடாமல் வாரக்கணக்கில் பொறுக்க வேண்டும் என்பதெல்லாம் சரியாகவே இருந்தது. ஒரே ஒரு யோசனைதான் என்னைத் தூக்கிவாரிப் போட்டது. லைவ் ராக்கில், அதாவது சிற்றுயிர்கள் குடியிருக்கும் கடற்கல்லில், ஒளிந்து வரும் புழு பூச்சிகளை ஒழிக்க, கல்லைக் கொதிநீரில் போட்டு எடுக்கலாம் என்று எழுதியிருக்கிறார்கள். தயவுசெய்து யாரும் இதைச் செய்ய வேண்டாம்.

கல்லோடு புழு மட்டும் வருவதில்லை. சட்டைப் பொத்தான் போல வட்ட வட்டமாக ஒட்டிக்கொண்டு சோவாந்திட் வகைப் பவள உறவினர்களும் வரும். அவற்றில் சிலவற்றில் பாலிடாக்சின் என்ற கொடிய நஞ்சு இருக்கிறது. 1971இல் ஹவாயில் பாலிதோவா என்ற இனத்திலிருந்து பிரித்தெடுத்தபோது இதற்கு அந்தப் பெயர் வந்தது. கொதிக்க வைத்தால் அழிந்துவிடும் என்று நம்ப முடியாத நஞ்சு இது. ஆவியோடு எழுந்து மூச்சில் ஏறும். கல்லைக் கொதிக்க வைத்து, காய்ச்சலும் இருமலும் மூச்சுத்திணறலுமாக மருத்துவமனைக்கு ஓடியவர்களைப் பற்றி மருத்துவக் குறிப்புகள் இருக்கின்றன. 2018இல் இங்கிலாந்தின் ஆக்ஸ்ஃபோர்டுஷயரில், தொட்டிப் பவளத்தைச் சுத்தம் செய்யப்போய் ஒரு குடும்பமும் உதவிக்கு வந்த மீட்புப் பணியாளர்களும் சேர்ந்தே மருத்துவமனைக்குப் போனார்கள். எந்தப் பொத்தான் நஞ்சுள்ளது, எது இல்லாதது என்று கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது. கொதிக்க வைப்பது மட்டுமல்ல, கம்பி பிரஷ் போட்டுத் தேய்ப்பதும் வெந்நீர் ஊற்றுவதும் கூடாது. கல்லைத் தொடும்போது கையுறையும் கண்ணைக் காக்கும் கண்ணாடியும் அவசியம். கையில் கீறல் இருந்தால் அன்றைக்குத் தொட்டி வேலையே வேண்டாம்.

இது ஆபத்து. அது போக, எனக்கு ஒரு வருத்தமும் உண்டு. அழையாமல் வந்ததெல்லாம் எதிரி என்ற தொனி கட்டுரை முழுக்க இருக்கிறது. நானும் அப்படித்தான் ஆரம்பித்தேன். பிரிசில் புழு ஒன்று கல்லிடுக்கிலிருந்து நெளிந்து வந்ததைப் பார்த்த அன்றே இடுக்கியும் கையுமாக உட்கார்ந்துவிட்டேன். இரவு இரவாகப் பிடித்தேன். (ஒரு முறை வெறுங்கையால் தொட்டு, கண்ணாடி இழை போன்ற முட்கள் விரலில் ஏறி இரண்டு நாள் எரிந்தது தனிக் கதை.) மூன்று மாதம் கழித்துப் பார்த்தால் தண்ணீரில் கழிவால் சேரும் நைட்ரேட் ஏறியிருக்கிறது, மீன் தின்னாமல் விட்ட இரை மணலில் அழுகிக் கிடக்கிறது. அதைத் தின்றுகொண்டிருந்தவர்களைத்தான் நான் ஒவ்வொருவராக வெளியேற்றியிருந்தேன். புழு பெருகினால் இரை அதிகம் என்று அர்த்தம். குறைக்க வேண்டியது இரையை.

எல்லாரும் அப்படி நல்லவர்கள் என்று சொல்ல வரவில்லை. ஐப்டேசியா என்ற குட்டிக் கடற்சாமந்தி உண்மையிலேயே தொல்லைதான். பார்க்க அழகாக இருக்கிறதே என்று விட்டால் பவளத்தைக் கொட்டும். கத்தியால் சுரண்டினேன், விட்டுப்போன ஒவ்வொரு துணுக்கும் ஒரு புது ஐப்டேசியா ஆனது. ஒன்று பன்னிரண்டாகப் பெருகிய பிறகுதான் பெப்பர்மின்ட் இறால் வாங்கிவிட்டேன். அது ஒரு வாரம் சும்மா இருந்துவிட்டு அப்புறம் தின்ன ஆரம்பித்தது. சில இறால்கள் கடைசிவரை தொடுவதே இல்லை என்றும் சொல்கிறார்கள். பெர்கியா என்ற ஓடில்லாக் கடல் நத்தை இன்னும் நம்பகமானது. அதற்கு ஐப்டேசியா தவிர வேறு உணவே கிடையாது. கடைசி ஐப்டேசியாவைத் தின்று முடித்தால் பட்டினிதான், பாவம்.

என்னை ரொம்ப நாள் தூங்கவிடாதது ஒரு சத்தம். விளக்கணைத்ததும் கண்ணாடியை யாரோ விரலால் சுண்டுவது போல ‘டப்’. மாண்டிஸ் இறாலாக இருக்கும், நத்தை, மீன் எல்லாவற்றையும் அடித்துத் தின்றுவிடும், கல்லையெல்லாம் வெளியே எடு என்று நண்பர்கள் பயமுறுத்தினார்கள். நான் நத்தைகளை எண்ணினேன். ஒன்றும் குறையவில்லை, ஓடு உடைந்து கிடக்கவும் இல்லை. சரி, பார்ப்போம் என்று டார்ச்சில் சிவப்புக் காகிதம் சுற்றிக்கொண்டு பல இரவுகள் காத்திருந்தேன். ஆறாவது வாரம், கல்லுக்கடியில் ஒரு கொடுக்கு மட்டும் பெரிதாக வீங்கியது போல ஒரு சின்ன உருவம் எட்டிப் பார்த்தது. பிஸ்டல் இறால்! கொடுக்கை அது மூடும் வேகத்தில் தண்ணீரில் ஒரு குமிழி உண்டாகி நொறுங்குகிறது. அந்தக் குமிழி எழுப்புவதுதான் சத்தம். 2000ஆம் ஆண்டில்தான் விஞ்ஞானிகள் இதை வேகப் படக்கருவி வைத்து உறுதிசெய்தார்கள். இன்றுவரை என் மீன்களை அது தொட்டதில்லை.

உண்மையான மாண்டிஸோ முரட்டு நண்டோ இருந்தாலும் கொதிநீர் தேவையில்லை. 1.035 அடர்த்தியுள்ள உப்பு நீரைத் தனி வாளியில் கலந்து, கல்லை ஓரிரு நிமிடம் முக்கிப் பிடித்தால் அவற்றில் பெரும்பாலானவை தாமாகவே வெளியே ஓடி வரும். வாளியில் விழுந்தவற்றைக் கடலிலோ ஆற்றிலோ கொண்டுபோய் விட்டுவிடாதீர்கள். 1984இல் மொனாகோ கரையோரம் முதலில் தென்பட்டு மத்தியதரைக் கடலில் பரவிய கௌலெர்பா பாசி, தொட்டிகளில் வளர்த்த வகைதான்.

அடுத்த இதழில் ஒரு பெட்டிச் செய்தியாகவாவது திருத்தம் வெளியிடுங்கள். கட்டுரையை வெட்டி வைத்துக்கொண்டவர்கள், அதற்குள் அந்த ஒரு வரியைப் பேனாவால் அடித்துவிடட்டும்.

இப்படிக்கு,
ஒரு பழைய வாசகன்