வலப்பக்கத்திலிருந்து வந்த கார்

தக்கலை
ஜூன் 18

அன்புள்ள ராஜா,

உன் கடிதம் கிடைத்தது. மகள் வீட்டுக்கு ஜெர்மனியில் மூனிக் போகிறாய் என்று வாசித்ததும் சந்தோஷம். அங்கே நீயே கார் ஓட்டப் போகிறாய் என்ற வரி வந்ததும் சோறு இறங்கவில்லை. ஸ்காட் காலேஜ் நாளில் வேப்பமூட்டில் நின்ற இளநீர் வண்டிக்குள் சைக்கிளை விட்டவன் நீ. அதை நான் மறக்கவில்லை, மக்கா.

இங்கே மழை பிடித்துவிட்டது. ரப்பர் பால்வெட்டு நின்று கிடக்கிறது. அயனிச்சக்கை இந்த வருடம் ஏராளம், தின்னத்தான் ஆளில்லை. லீலாவுக்கு முட்டுவலி அப்படியேதான். வைத்தியர் படி ஏறாதே என்கிறார், அவள் மொட்டைமாடியில் மிளகாய் காயப்போடுகிறாள்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். போன வருடம் மே மாதம் மகனைப் பார்க்க ஸ்டுட்கார்ட் போயிருந்தோமே, அப்போது நான் ஒரு காரை இடித்தேன். ஊரில் யாருக்கும் தெரியாது. யாரிடமும் சொல்லாதே என்று லீலாவிடம் சத்தியம் வாங்கியிருந்தேன். அவள் காத்துவிட்டாள், நான்தான் இப்போது உடைக்கிறேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை. வாடகைக் கார். மகன் பக்கத்தில், லீலா பின்னால். ஸ்டியரிங் இடப்பக்கம், வண்டி ரோட்டின் வலப்பக்கம். இதெல்லாம் இரண்டு நாளில் கைக்கு வந்துவிட்டது. கைக்கு வராதது இண்டிகேட்டர். நம் வண்டிகளில் அது வலதுகைப் பக்கம், அங்கே இடதுகைப் பக்கம். ஒவ்வொரு திருப்பத்திலும் வெயிலில் வைப்பர் ஆட்டிக்கொண்டு போனேன். அதைப் பார்த்து லீலா சிரித்துக்கொண்டிருந்தபோதுதான் அது நடந்தது.

வீடுகள் இருக்கிற தெரு. 30 கிலோமீட்டருக்கு மேல் போகக்கூடாது, நானும் போகவில்லை. நான் போன ரோடு நேராக, கொஞ்சம் அகலமாக இருந்தது. வலப்பக்கமிருந்து ஒரு சின்ன ரோடு வந்து சேர்ந்தது. போர்டு இல்லை, கோடு இல்லை, சிக்னல் இல்லை. பெரிய ரோட்டில் போகிறவனுக்குத்தானே முதல் உரிமை என்று நேரே விட்டேன். ஒரு சாம்பல்நிறக் கார் வந்தது. மூத்த பலாச்சக்கை மரத்திலிருந்து விழுந்தால் ஒரு சத்தம் வருமே, அதே சத்தம். என் வண்டியின் முன்மூலை அதன் இடப்பக்கக் கதவுக்கு முன்னால் இடித்து நின்றது.

யாருக்கும் அடி இல்லை, ஆண்டவர் காத்தார். நான் கதவைத் திறந்துகொண்டு இறங்கி, ஓட்டி வந்த பெண்ணிடம் கையைக் கூப்பி "சாரி, சாரி" என்று ஆரம்பித்துவிட்டேன். மகன் என் தோளைப் பிடித்து, "அப்பா, கொஞ்சம் மிண்டாம நில்லுங்க" என்றான். முப்பது வயதுப் பையன் தகப்பனைப் பார்த்துச் சொல்கிற சொல்லா அது? ஆனால் அவன் சொன்னதுதான் சரி. அடிபட்டதா என்று கேட்கலாம், கேட்கவும் வேண்டும். தப்பு என்னுடையது என்று நாமாக ரோட்டில் நின்று தீர்ப்புச் சொல்லக்கூடாது. அது இன்ஷூரன்ஸ்காரர்கள் பார்த்துக்கொள்ள வேண்டிய வேலை. நம் வாயிலிருந்து வந்த "சாரி" பிறகு நமக்கே திரும்பி வரலாம்.

அவன் செய்ததை வரிசையாகவே நினைவில் வைத்திருக்கிறேன். நான்கு பக்க விளக்கையும் மின்ன விட்டான். மஞ்சள் மேல்சட்டையை எடுத்து மாட்டிக்கொண்டான். டிக்கியில் இருந்த சிவப்பு முக்கோணத்தைக் கொண்டுபோய்ப் பின்னால் ஐம்பது மீட்டர் தள்ளி வைத்தான். அதிவேக நெடுஞ்சாலையாக இருந்தால் இன்னும் வெகுதூரம் போய் வைக்கவேண்டுமாம். முக்கோணமும் சட்டையும் முதலுதவிப் பெட்டியும் அங்கே எல்லா வண்டியிலும் இருந்தாக வேண்டும். நீ காரை எடுக்கும்போதே டிக்கியைத் திறந்து பார்த்துவிடு. அப்புறம் போட்டோ. இரண்டு வண்டியையும் நகர்த்துவதற்கு முன் தூரத்திலிருந்து ஒன்று, கிட்டத்தில் ஒன்று, நம்பர் பிளேட், ரோட்டில் கிடந்த கண்ணாடித் துண்டு எல்லாம். அதன் பிறகுதான் வண்டியை ஓரங்கட்டினான். 110-க்கு போன் செய்தான். அது போலீஸ். அடிபட்டிருந்தால் 112. சின்ன இடிக்குப் போலீஸைக் கூப்பிடாத ஆட்களும் அங்கே உண்டு. ஆனால் வாடகைக் கார் என்றால் பெரும்பாலும் ஒப்பந்தத்திலேயே கூப்பிட வேண்டும் என்று போட்டிருக்கும்.

இதற்கிடையில் எனக்குக் கிலி பிடித்தது வேறு விஷயத்தில். ஒருத்தரும் வரவில்லை, ராஜா. நம் அழகியமண்டபத்தில் ஒரு மினி பஸ் கண்ணாடியைத் தட்டினால் போதும், டிரைவர் இறங்குமுன் நாற்பது பேர் கூடிவிடுவார்கள். டீக்கடையிலிருந்து கிளாஸோடு வருகிறவர்தான் நீதிபதி. ஐந்து நிமிஷத்தில் தொகையும் முடிவாகிவிடும். அங்கே ஒரு கிழவி ஜன்னலைத் திறந்து பார்த்தாள், மூடினாள். தீர்ந்தது. கொஞ்ச நேரம் கழித்து அவளே ஒரு தட்டில் நான்கு கிளாஸ் தண்ணீரை மதில்மேல் வைத்துவிட்டு உள்ளே போனாள். குடித்துப் பார்த்தேன், கேஸ் ஏற்றிய சோடாத் தண்ணீர். லீலாவுக்கு அதிலேயே விக்கல்.

போலீஸ் வருவதற்குள் ஒரு காகிதம் எழுதினார்கள். ஐரோப்பா முழுக்க ஒரே மாதிரிப் படிவமாம். ஒரு வண்டிக்கு நீலப் பக்கம், இன்னொன்றுக்கு மஞ்சள் பக்கம். நடுவில் 17 கட்டங்கள், எது நடந்ததோ அதில் குறி போட வேண்டும். கீழே ரோட்டைப் படமாக வரைய ஒரு இடம். அந்தப் பெண் அழகாக வரைந்தாள், கை மட்டும் நடுங்கிக்கொண்டிருந்தது. இருவரும் கையெழுத்துப் போட்டு ஆளுக்கொரு பிரதி எடுத்துக்கொண்டோம். கையெழுத்துப் போட்டால் குற்றத்தை ஒப்புக்கொண்டதாக அர்த்தமில்லை, இன்னார் இன்னார், நடந்தது இது என்று மட்டும்தான். ஆனாலும் வாசிக்கத் தெரியாத பாஷையில் எதற்கும் கையெழுத்துப் போடாதே. மகள் கூட இல்லாவிட்டால் போனில் பிடித்து வாசித்துக் காட்டச் சொல்.

அரைமணி நேரத்தில் இரண்டு போலீஸ்காரர்கள் வந்தார்கள். ஒரு குழாயை நீட்டி ஊதச் சொன்னார்கள். சபைக் கமிட்டியில் இருக்கிறவன் ரோட்டோரம் நின்று ஊதிய அழகை லீலா இன்றைக்கும் நடித்துக் காட்டுவாள். பாஸ்போர்ட், லைசென்ஸ், இன்டர்நேஷனல் பெர்மிட் மூன்றையும் கேட்டார்கள். நீ பெர்மிட் எடுத்துவிட்டதாக எழுதியிருக்கிறாய். அது ஒரு வருடத்துக்குத்தான். நம் ஊர் அசல் லைசென்ஸ் கையில் இல்லாவிட்டால் அது வெறும் புத்தகம். இரண்டையும் பெட்டிக்குள் பூட்டி வைக்காதே.

அவர்களில் ஒருவர் இங்கிலீஷில் எனக்கு விளக்கினார். போர்டு எதுவும் இல்லாத சந்திப்பில் வலப்பக்கமிருந்து வருகிற வண்டிக்கு வழிவிட வேண்டும். ரோடு அகலமா, குறுகலா என்பது கணக்கே இல்லை. "ரெஷ்ட்ஸ் ஃபோர் லிங்க்ஸ்" என்பார்களாம், இடதுக்கு முன்னால் வலது. தப்பு என்னுடையதுதான். அபராதம் கட்டினேன். அதோடு வாடகை ஒப்பந்தத்தில் சேதத்துக்கு நம் பங்காக 800 யூரோ என்றிருந்தது, அதையும் பிடித்துக்கொண்டார்கள். இரண்டாவது டிரைவராக என் பெயரையும் மகன் முதல் நாளே ஒப்பந்தத்தில் சேர்த்திருந்தான். நான் அது தண்டச்செலவு என்று அவனோடு சண்டைபோட்டவன். பெயர் இல்லாமல் ஓட்டியிருந்தால் முழு வண்டியும் நம் தலையில் விழுந்திருக்கும். விசாவுக்காக 30,000 யூரோவுக்கு இன்ஷூரன்ஸ் எடுக்கிறோமே, அது நம் உடம்புக்கு. காருக்கு அதில் ஒரு காசு வராது.

உனக்கென்றே ஒன்று சொல்ல வேண்டும். பார்க்கிங்கில் நிற்கிற வண்டியை நீ உரசுவாய், எனக்குத் தெரியும். ஆளில்லையே என்று வந்துவிடாதே. கண்ணாடியில் சீட்டு எழுதி வைத்துவிட்டு வந்தாலும் போதாது. அங்கே அது ஓடிப்போன குற்றம், கிரிமினல் கேஸ். அங்கேயே நின்று போலீஸைக் கூப்பிடு.

இன்னும் ஒரு வெட்கக்கேடு பாக்கி. ஊருக்கு வந்தபின் சொந்தக்கார வக்கீல் பையனிடம் கதையை வேறு யாருக்கோ நடந்தது போலச் சொன்னேன். அவன் சிரித்தான். நம் நாட்டுச் சாலைவிதியிலும் அதேதானாம்! 1989-லேயே எழுதி வைத்திருக்கிறார்கள், மெயின் ரோடு அல்லாத சந்திப்பில் வலப்பக்கமிருந்து வருகிறவனுக்கு வழிவிட வேண்டும் என்று. முப்பத்துநாலு வருடமாக லைசென்ஸ் வைத்திருக்கிறேன், ஒருநாளும் யாரும் சொல்லவில்லை. சொல்லியிருந்தாலும் கேட்டிருப்பேனா, அது வேறு விஷயம்.

இப்போது இங்கேயும் நின்று பார்க்கிறேன். முந்தாநாள் குமாரகோவில் போகிற வழியில் வலப்பக்கம் ஒரு ஆட்டோ வர, ஸ்கூட்டரை நிறுத்தினேன். ஆட்டோக்காரனுக்கு ஒன்றும் புரியவில்லை, அவனும் நிறுத்திவிட்டான். இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு நிற்கிறோம். பின்னால் வந்த மினி பஸ்காரன் தலையை வெளியே நீட்டி, "ஓய், உறங்கிக்கிட்டா ஓட்டுதீரு?" என்றான்.

போவதற்கு முன் ஒருதரம் வந்து போ. நேந்திரங்காய் சிப்ஸ் வறுத்துத் தருகிறாள் லீலா, மகளுக்குக் கொண்டு போகலாம்.

அன்புடன்,
உன் செல்வன்